பொருட்கள் வைக்கும் கொட்டகை

மஞ்சக்குப்பத்தில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்த காலத்தில், சிதம்பரம் பஸ் வந்துவிட்டதா இல்லையா என்பது கடைக்குள் இருந்தபடியே எனக்குத் தெரிந்துவிடும். பஸ் வந்த கொஞ்ச நேரத்தில் அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "அடிம்மா" என்பார். நான் அடிப்பேன். "இரு, இரு. அந்த வார்த்த வேணாம்" என்பார். அழிப்பேன். வேறு வார்த்தை சொல்வார். அதை அடித்து முடிப்பதற்குள் அதையும் அழிக்கச் சொல்வார். தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். என் வேகத்துக்கு அந்த மனுஷன் ஒரு ஸ்பீடு பிரேக்கர்.

வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து, அனுமதி வாங்க மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். சொந்த ஊர் சிதம்பரம், பிழைப்பு கடலூரில். வரைவதில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. அவர் போட்ட மாடிப்படியில் ஏறினால் தலை இடிக்கும் என்று மேஸ்திரிகள் சிரிப்பார்கள். ஆனாலும் அவரைத் தேடி ஆள் வந்துகொண்டே இருந்தது. காரணம், அவரிடம் வார்த்தை இருந்தது.

கட்டட விதிகள் எதை எடுத்தாலும் ஆரம்பத்திலேயே ஒரு பகுதி இருக்கும். வீடு என்றால் என்ன, மாடி என்றால் என்ன, எது தெரு, எது கடை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் பொருள் சொல்லியிருப்பார்கள். சொற்பொருள் விளக்கம் என்று பேர். மற்ற பிளான்காரர்கள் அதைப் புரட்டித் தள்ளிவிட்டு அளவுகளுக்குப் போய்விடுவார்கள். இவர் அதிலேயே குடியிருந்தார். பெரும்பாலும் அது இரண்டாவது விதியாக வரும் என்பதால் ஆபீஸ்காரர்கள் இவருக்கு 'விதி ரெண்டு' என்று பேர் வைத்திருந்தார்கள். "விதி வந்துட்டுது, ஃபைல எடுத்து உள்ள வை" என்று இவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அதில் இவருக்குக் கொஞ்சம் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

சந்தர்ப்பம் வேறு பொருளை வேண்டினாலன்றி இந்தச் சொல்லுக்கு இன்ன பொருள் என்கிற மாதிரி ஒரு வரி அந்தப் பகுதியின் தலையில் வரும். அதைச் சாமி பேரைச் சொல்வதுபோல் சொல்வார். "பாத்தியாம்மா, சந்தர்ப்பம் கேட்டா பொருள் மாறலாம்னு அவுங்களே எழுதி வச்சிருக்காங்க. கதவ சாத்திட்டு ஜன்னல தொறந்து வச்ச மாதிரி. நாம அந்த ஜன்னல் வழியா பூந்துட வேண்டியதுதான்."

மதியச் சாப்பாடு என் கடையின் பின்பக்கம். டப்பாவில் தினமும் தயிர் சோறுதான் இருக்கும். அவர் வீட்டம்மாவுக்கு விடியற்காலையில் அதற்கு மேல் நேரமில்லை. "இன்னைக்கி என்னா சார்?" என்று நான் கேட்பேன். தயிர் சோறு என்று அவர் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. ஒருநாள் "ததியோன்னம்" என்பார். ஒருநாள் "பகாளாபாத்". வெயில் காலத்தில் "குளிர்ச்சி சாதம்". ஊறுகாய் மாங்காயாக இருந்துவிட்டால் "மாங்கா சாதம், தயிரோட". எனக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்காமல் சொல்வார்: "தயிர் சோறுன்னு நெனச்சா தெனமும் உள்ள எறங்குமா? பேர மாத்திட்டா நாக்கு ஏமாந்துடும்மா."

மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஆபீசில் ஒருவர் இவர் ஃபைலைத் தூக்கி எறிந்தால் "கோவிச்சிக்கிட்டாரு" என்று சொல்ல மாட்டார், "கொஞ்சம் வேகமா திருப்பிக் குடுத்தாரு" என்பார். கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்த வாயால்தான் எத்தனையோ பேருடைய சுவர் இடிபடாமல் நின்றது.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர், அனுமதியில் இல்லாத மாடி அறை ஒன்றைக் கட்டிவிட்டு, இடிக்கச் சொன்னதும் அழுதுகொண்டு வந்தார். அறை அவர் மாமனாருக்காக. இவர் எனக்குப் பின்னால் நின்று நாலைந்து வார்த்தைகளை அடிக்கவும் அழிக்கவும் வைத்துவிட்டுக் கடைசியில் 'தண்ணீர்த் தொட்டி பராமரிப்பு அறை' என்று முடித்தார். தொட்டி அறை மாடிக் கணக்கில் வராது. அறை தப்பியது. அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாராவது போய் மாமனார் எங்கே என்று கேட்டால், "தொட்டியில இருக்காரு" என்று குடும்பமே சொல்லும்.

"இது பொய்தான சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய்ன்னா இல்லாதத இருக்குதுன்னு சொல்றதும்மா. நான் இருக்கறதுக்கு வேற பேரு சொல்றேன். ஆளு இருந்துட்டுப் போவட்டும், பேருல என்னா இருக்கு?"

பேரில் என்ன இருக்கிறது என்பதை ஸ்டெல்லா அக்கா கதையில்தான் பார்த்தோம்.

ஸ்டெல்லா அக்கா ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்த்தாள். கெடிலம் ஆற்றங்கரையில் வரிசையாக இருந்த வீடுகளில் அவளுடையதும் ஒன்று. செங்கல் சுவர், மேலே கீற்று, வாசலில் ஒரு முருங்கை. புருஷன் திருப்பூருக்கு வேலைக்கென்று போய், போனவன் போனவன்தான். ஒரே மகள், அப்போது ஆறாவது படித்தாள். சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அந்த வரிசைக்கு நோட்டீஸ் வந்தது. ஆற்றோரத்து அரசாங்க நிலத்தில் அனுமதியில்லாமல் கட்டிய கட்டடங்களை அகற்ற வேண்டும் என்று. அக்கா அதை எடுத்துக்கொண்டு யூனிஃபாரத்தோடு என் கடைக்கு ஓடி வந்தாள். அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

நோட்டீசை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "கட்டடம்னு போட்டிருக்கான்" என்றார், பரிசு விழுந்தவர் மாதிரி. "கட்டடம்னாதான எடுக்கணும்? இது கட்டடமே இல்லன்னா?"

"கட்டடம் இல்லாம வேற இன்னா சார்?" என்றாள் அக்கா.

அவர் என் பின்னால் வந்து நின்றார். அன்றைக்கு அதிகம் அழிக்கச் சொல்லவில்லை, வார்த்தை அவருக்கு உடனே கிடைத்துவிட்டது. கரையோரம் இருப்பவை குடியிருக்கும் கட்டடங்கள் அல்ல என்றும், அவை 'பொருட்கள் வைக்கும் தற்காலிகக் கொட்டகைகள்' மட்டுமே என்றும் சொன்னார். நான் அடித்தேன். தற்காலிகக் கொட்டகையை நோட்டீஸ் விட்டு இடிக்க விதியில் வழியில்லை, அப்படியே விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

அடித்ததை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முகம் சுருங்கியது. "கொட்டகைன்னா மாடு கட்ற எடமாட்டம் இருக்குது சார். நாங்க அதுலதான படுத்து எழுந்திரிக்கிறோம்?"

"காயிதத்துலதானம்மா கொட்டகை. கொட்டகைன்னு எழுதிட்டா உன் வூடு கொட்டகை ஆயிடுமா? உன் வூடு உன் வூடுதான். போடு கையெழுத்த."

போட்டாள். அந்த வரிசையில் எல்லாரும் போட்டார்கள்.

பார்வையிட ஆள் வரும் என்று தெரிந்ததும் அவரே போய் ஏற்பாடெல்லாம் செய்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். அடுப்பைத் தூக்கிப் பின்பக்கம் வைத்தார்கள். பாய், தலையணை எல்லாம் சாக்குக்குள் போயின. பிள்ளைகளைச் சர்ச்சுக்கு அனுப்பினார்கள். யாருடைய மீன்குழம்பையோ முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு ஒருத்தி ஆற்றுப் பக்கம் ஓடினாள். தங்கள் வீட்டில் தாங்களே இல்லை என்று காட்டுவதற்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தாள்.

வந்த அதிகாரி நல்ல மாதிரி. அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சாக்கு மூட்டைகள் இருந்தன. சுவரில் மாதா படம் போட்ட காலண்டர் ஒன்றைக் கழற்ற மறந்திருந்தார்கள்.

"கொட்டகைக்கு எதுக்குய்யா காலண்டர்?"

"தேதி பாக்கத்தான் சார்" என்றார் இவர், கொஞ்சமும் அசராமல்.

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நோட்டீஸ் அதோடு போயிற்று. அக்கா ஒரு தூக்கு நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்து கடையில் வைத்தாள். அவர் அசைவம் தொடாதவர். "நண்டுன்னு ஏன் சொல்ற, தண்ணிக் காய்னு சொல்லு" என்று சொல்லி, குழம்பை எனக்குத் தள்ளிவிட்டார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு கொஞ்ச வருஷம் கரை அமைதியாக இருந்தது. ஆனால் அந்த வார்த்தை எங்கேயும் போகவில்லை, ஆபீசில் உட்கார்ந்துகொண்டது. அக்கா வீட்டு வரி கட்டப் போனாள். கொட்டகைக்கு வீட்டு வரி கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். வரி இல்லையென்றால் நல்லதுதானே என்று அவரும் சொன்னார். கரண்டுக்குப் போனாள். வீட்டு இணைப்பு கிடையாது என்றார்கள். அதற்கும் அவர் ஒரு வார்த்தை கண்டுபிடித்துத் தற்காலிக இணைப்பு என்று வாங்கிக் கொடுத்தார். விளக்கு எரிந்தது, மகள் அந்த வெளிச்சத்தில் பத்தாவது எழுதிப் பாஸானாள். கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போட்டாள் அக்கா. தரைக்குச் சிவப்பு சிமெண்ட் பூசினாள். "கொட்டகைக்கு ரெட் ஆக்சைடு போட்ட மொத ஆளு நீதாக்கா" என்று நான் கேலி செய்வேன்.

2011 முடிகிற சமயம் 'தானே' புயல் வந்தது. கடலூரில் நின்ற மரத்தை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி ஆகிவிட்டது. அக்காவின் தகரம் எங்கே பறந்து போனதென்றே தெரியவில்லை. மகளோடு நர்சிங் ஹோம் வராந்தாவில் கிடந்தாள். சேதமான வீடுகளைக் கணக்கெடுக்க வந்தவர்கள் ஆற்றோரம் வந்து பேப்பரைப் பார்த்தார்கள். அந்த வரிசையில் வீடே இல்லை என்றார்கள். கொட்டகைகள்தான் இருக்கின்றன, அவை சேதக் கணக்கில் வராது.

"வூடு இல்லன்னா நாங்க எங்க சார் இருந்தோம்?" என்று கேட்டிருக்கிறாள் அக்கா. வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களிடம் இருந்தது பேப்பர் மட்டும்தான்.

அதையாவது தாங்கிக்கொண்டார்கள். கடன் உடன் பட்டு மறுபடி மேலே எதையாவது போட்டு மூடிக்கொண்டார்கள். அடுத்ததாக வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆற்றங்கரையை உயர்த்தப் போகிறார்கள், கரையில் இருக்கிற எல்லாரும் போக வேண்டும் என்று செய்தி வந்தது. வீடு இருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு உண்டு. கொட்டகை வைத்திருந்தவர்கள் பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம்.

மகள் அப்போது பன்னிரண்டாவது. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. ஒரு மாற்று வீடு, நாலு சுவர், ஒரு விலாசம். அக்காவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அவர் ஓடினார். தினமும் முதல் பஸ்ஸில் வந்தார். அந்த அதிகாரி மாறிப்போய் வேறொருவர் இருந்தார். அவரும் கெட்டவர் இல்லை என்று கூடப்போன அக்காவே சொன்னாள். இவர் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பழைய மனுவை எடுத்து மேசைமேல் வைத்தாராம்.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப பொய் சொன்னீங்களா, இல்ல இப்ப பொய் சொல்றீங்களா?"

"அப்ப சந்தர்ப்பம் வேற சார்."

"சந்தர்ப்பம் வேறதான். கையெழுத்து இதுதானே? எல்லாரும் போட்டிருக்காங்களே."

அக்கா இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அந்த மனுஷன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, ஏழு வருஷம் அவர்கள் அங்கே இருந்ததும் இதே வார்த்தையால்தானே என்று தோன்றியது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அந்த நாட்களில் அவர் என் பின்னால் வந்து நிற்பதே பெரிய சங்கடமாக இருந்தது. "அடிம்மா" என்பார். நான் கையை வைத்துக் காத்திருப்பேன். வார்த்தை வராது. "குடில்" என்பார். "வேணாம், அது சாமியாருக்கு." "உறைவிடம்... வேணாம், விதியில இல்ல." "இருப்பிடம்னா?" அவரே தலையை ஆட்டிக்கொள்வார். "கொட்டகையிலயும் பொருள் இருக்குதே, இருப்பிடம்தானம்பான்." ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து, தட்டிப் பார்த்து, கீழே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய வார்த்தை எல்லாவற்றுக்கும் முன்னால் போய்க் கதவைச் சாத்திவிட்டிருந்தது. ஜன்னலும் இல்லை.

கடைசியில் ஒருநாள், "வீடுன்னு அடிம்மா" என்றார்.

"வீடுன்னா?"

"இவை வீடுகள். இவற்றில் மனிதர்கள் குடியிருந்து வருகிறார்கள். அவ்ளோதான். அடி."

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதாம்மா."

அவர் எழுதியதிலேயே சின்ன மனு அதுதான். கொடுத்த வேகத்திலேயே அது திரும்பி வந்துவிட்டது.

இடிக்க வந்த அன்று நான் கடையை மூடிவிட்டுப் போனேன். அவரும் வந்திருந்தார். அக்கா அடுப்பு, தையல் மிஷின், மகளின் புத்தக மூட்டை எல்லாவற்றையும் முருங்கை மரத்தடியில் சேர்த்து வைத்திருந்தாள். பொக்லைன் வந்து சுவரில் கை வைத்ததும் அது சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டது. சிவப்புத் தரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் மண்ணுக்குள் போனது. இந்த வரிசையில் நின்று நான் விழுந்து விழுந்து சிரித்த நாள் ஞாபகம் வந்தது.

அக்கா அழவில்லை. அவர் பக்கம் திரும்பி, இடிந்து கிடந்ததைக் காட்டி, "இப்ப இதுக்கு இன்னா பேரு சார்?" என்று கேட்டாள்.

குத்திக் கேட்கவில்லை. அவள் எதைப் பற்றியும் அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள், அதே மாதிரிதான் கேட்டாள். எதற்கும் ஒரு பேர் வைத்திருந்த மனுஷன் அந்தச் செங்கல் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அந்தத் தையல் மிஷினைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

அதற்கப்புறம் அவர் ஒரே ஒருமுறைதான் என் கடைக்கு வந்தார். கூடவே ஸ்டெல்லா அக்காவும் வந்தாள். பிளான் போட வந்த பழைய ஆள் ஒருவரிடம் கெஞ்சி, அவர் வீட்டுக் கார் ஷெட்டை அக்காவுக்கு வாடகைக்குப் பேசியிருந்தார். மகளும் அவளும் அதில் இருந்துகொள்ளலாம். வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அனுமதி வாங்கின பிளானில் அது ஷெட்தான், ஆள் குடியிருப்பதாக எழுதினால் நாளைக்குத் தனக்கு வம்பு, அதனால் சாமான் வைக்க வாடகைக்கு விட்டதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த பிளானைப் போட்டதும் இவர்தான்.

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "அடிம்மா" என்றார்.

காத்திருந்தேன். பேர், விலாசம் எல்லாம் நானே போட்டேன். அந்த இடம் வந்ததும் என் விரல் தானாகவே போய்விட்டது. 'பொருட்கள் வைக்கும் கொட்டகை' என்று திரையில் வந்து நின்றது. அவர் அழிக்கச் சொல்வார், சொல்ல வேண்டும் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

அக்கா பேப்பரை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அன்னைக்கி இத எழுதுனப்ப, பொருளுன்னா தட்டுமுட்டு சாமான்னு நெனச்சிக்கினேன் சார்" என்றாள். "எங்களத்தான் சொல்லியிருக்கீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, டூட்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனாள். அவர் பின்பக்கம் போய் டப்பாவைத் திறந்தார். திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, எப்போதும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இன்னைக்கி என்னா சார்?"

"தயிர் சோறும்மா" என்றார்.